கரை தெரியாத ஆறு நாள்: கப்பல் பயணக் கேள்வி பதில்

பிள்ளை அமெரிக்காவில், பெண் லண்டனில் என்று ஆகிப்போன கொங்கு நாட்டுக் குடும்பங்களிலிருந்து ஒரே மாதிரிக் கடிதங்கள் வருகின்றன. போகவும் விமானம், வரவும் விமானம். ஒருமுறையாவது அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்க முடியாதா என்று கேட்கிறார்கள். முடியும். இந்த இதழில் அந்தக் கேள்விகள் மட்டும். தினம் ஒரு துறைமுகம் காட்டும் உல்லாசப் பயணத்துக்குச் சொல்லும் யோசனைகள் இதற்கு அப்படியே பொருந்தாது. இங்கே இறங்கிச் சுற்ற ஊரே கிடையாது, கப்பல்தான் ஊர்.

மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். கொச்சியில் கப்பல் ஏறினால் நேராக அமெரிக்கா போய் இறங்கலாமுங்களா?
– பனியன் கம்பெனி வாசகர், திருப்பூர்

உங்கள் பனியன் பெட்டிகள் கப்பலில் போகும், நீங்கள் போக முடியாதுங்க. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கால அட்டவணைப்படி ஓடுகிற பயணிகள் கப்பல் இல்லை. நடைமுறையில் உள்ள வழி, லண்டன் வரை விமானத்தில் போய், அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் சவுதாம்ப்டன் துறைமுகம் சேர்ந்து, நியூயார்க் கப்பல் ஏறுவது. குனார்ட் கம்பெனியின் குயின் மேரி 2 இந்த வழியில் வருடத்தில் பல தடவை ஓடுகிறது. பெரும்பாலும் 7 இரவு. ஏறுகிற நாளையும் இறங்குகிற நாளையும் கழித்தால் முழுதாக ஆறு நாள் கடலில். தூரம் சுமார் 3,150 கடல் மைல்.

இன்னொரு வழியும் உண்டு. கரீபியனில் குளிர்காலம் ஓட்டிய கப்பல்கள் ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவுக்கு வரும். இலையுதிர் காலத்தில், பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில், திரும்பிப் போகும். எப்படியும் கப்பலை இடம் மாற்றியாக வேண்டும் என்பதால், ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் கட்டணம் நன்றாகவே குறையும். 12 முதல் 15 இரவு வரை ஆகும். வழியில் அசோர்ஸ், மதேரா, கேனரி தீவுகள் என ஒன்றிரண்டு இடத்தில் நிற்கும். தெற்கு வழி என்பதால் வெயிலும் கிடைக்கும்.

இரண்டுமே ஒரு வழிப் பயணம். விமான டிக்கெட் போடும்போது லண்டனுக்குப் போக ஒன்று, நியூயார்க்கிலிருந்து திரும்ப ஒன்று என்று ஒரே பதிவில் இரு ஊர்களாகக் கேளுங்கள். தனித்தனியே ஒரு வழி டிக்கெட்டாக எடுத்தால் பல நேரம் விலை எகிறும். கப்பல் கிளம்பும் நாளன்றே லண்டனில் இறங்குகிற மாதிரி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். விமானம் தாமதித்தால் கப்பல் நிற்காது, அடுத்த துறைமுகத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் இங்கே நடக்காது. ஒரு நாள் முன்னதாகவே சவுதாம்ப்டனில் தங்குங்கள்.

மற்ற உல்லாசக் கப்பலுக்கும் குயின் மேரி 2-க்கும் என்ன வித்தியாசம்? எஞ்சின், மோட்டார் விவரத்தோடு சொல்லவும்.
– பம்புசெட் தொழிலில் இருப்பவர், கோவை பீளமேடு

உங்களிடம் மேலோட்டமாகச் சொல்லித் தப்ப முடியாது. இது பிரான்சில் செயின்ட் நசேரில் கட்டப்பட்டு, 2004 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. நீளம் 345 மீட்டர். உல்லாசக் கப்பல்கள் அதிக அறை, அதிக பால்கனி வேண்டும் என்று முன்பக்கத்தை மழுக்கி, உடலை உயர்த்திக் கட்டப்படுபவை. வானிலை பார்த்து ஒதுங்கிப் போகலாம் என்ற எண்ணத்தில் வடிவமைத்தவை அவை. வட அட்லாண்டிக்கை அட்டவணைப்படி கடக்க வேண்டிய கப்பலுக்கு அது போதாது. இதன் மூக்கு நீண்டு கூர்மையாக அலையைப் பிளக்கும், உடல் தகடும் கட்டமைப்பும் கனமானவை, அறைகளும் உயிர்காப்புப் படகுகளும் அலை எட்டாத உயரத்தில் இருக்கும். அடித்தளத்து ஆழமும் அதிகம், நீருக்குள் சுமார் 10 மீட்டர்.

எஞ்சின் நேரடியாகப் புரொப்பெல்லரைச் சுற்றுவதில்லை. நான்கு வார்ட்ஸிலா டீசல் எஞ்சின்களும் இரண்டு ஜிஇ வாயு டர்பைன்களும் மின்சாரம் எடுக்கின்றன. டர்பைன்கள் அடியில் இல்லை, புகைபோக்கியின் கீழே மேல்மட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த மின்சாரம் கப்பலின் அடியில் தொங்குகிற, பாட் (pod) எனப்படும் நான்கு கூடுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு மோட்டார், அதன் முனையில் புரொப்பெல்லர். உங்கள் ஊர் நீர்மூழ்கி மோட்டாருக்கு 21.5 மெகாவாட்டில் ஒரு பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். முன்னிரண்டு நிலையானவை, பின்னிரண்டு முழு வட்டம் திரும்பும். அதனால் சுக்கான் என்று தனியாக ஒன்று கிடையாது. 30 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வேகம் வரை போகத் திறன் உண்டு, ஆனால் 7 இரவு அட்டவணைக்கு 20, 22 நாட்டே போதும். மிச்சத் திறனைத்தான் புயலைச் சுற்றிக்கொண்டு போய் நேரத்தைப் பிடிக்க வைத்திருக்கிறார்கள்.

முன்தளத்தில் வெள்ளையடித்த பெரிய இறக்கைகள் படுத்திருப்பதைப் பார்த்துச் சிற்பம் என்று நினைத்துப் பலர் படம் எடுப்பார்கள். அவை மாற்றுப் புரொப்பெல்லர் இறக்கைகள். உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஏனுங்க, எனக்குப் பழனி மலைப்பாதை பஸ்ஸிலேயே தலை சுத்தும். கப்பல்ல ஒரு வாரம் தாங்குவனா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

தாங்குவீங்க அம்மணி, ஆனால் ஏற்பாட்டோடு போகணும். காது உட்புறத்தில் உள்ள சமநிலை உறுப்பு "ஆடுகிறது" என்கிறது. அறைக்குள் சுவரைப் பார்க்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததில் வருவதுதான் குமட்டல். ஆகவே முதல் வைத்தியம் கண்ணுக்குத் தொடுவானத்தைக் காட்டுவது. திறந்த தளத்துக்கு, முடியாவிட்டால் பெரிய ஜன்னல் ஓரத்துக்குப் போய்த் தூரத்தில் பாருங்கள். அறையில் குனிந்து பெட்டியைக் கிளறுவதும் போனில் படிப்பதும்தான் நிலைமையைக் கெடுக்கும்.

இரண்டாவது, அறை எந்த இடத்தில் என்பது. கப்பல் முன்பின்னாக ஆடும்போது இரு முனைகள்தான் மேலும் கீழும் அதிகம் போகும், நடுப்பகுதி கிட்டத்தட்ட அசையாது. பக்கவாட்டில் ஆடும்போது உயரத்தில் இருப்பவருக்கு ஆட்டம் கூடும். ஆகவே நீளத்தில் நடு, உயரத்தில் கீழ். மேல்தளம் விலை அதிகம், அதனால் நல்லது என்று எடுத்துவிட்டுப் படுக்கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு. ஸ்டெபிலைசர் என்ற துடுப்புகள் நீருக்குள் விரிந்து பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகக் குறைக்கும், முன்பின் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய உதவி இல்லை.

மூன்றாவது மருந்து. ப்ரோமெதசின், சின்னரிசின், மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் என்று பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் பொது விதி, குமட்டல் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு விழுங்கிய மாத்திரை வயிற்றில் நிற்காது. அப்போது கப்பல் மருத்துவமனையில் ஊசிதான். இந்த மாத்திரைகள் பெரும்பாலும் தூக்கம் வரவைக்கும், மதுவோடு சேரக் கூடாது. கிளாக்கோமா, புராஸ்டேட் வீக்கம், பார்க்கின்சன் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. ஊரில் ஒரு விடுமுறை நாளில் ஒரு மாத்திரை போட்டு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டால் நல்லது.

வயிற்றைக் காலியாகப் போடாதீர்கள். வறட்டு ரொட்டி, பச்சை ஆப்பிள், இஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக. எண்ணெய்ப் பலகாரமும் காபியும் முதல் நாள் வேண்டாம். பலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு பழகிவிடும்.

எந்த மாதம் என்பதும் பெரிய விஷயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் அமைதி அதிகம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வட அட்லாண்டிக் முரட்டுத்தனமானது, முதல் பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள். சந்தேகம் தீராவிட்டால், சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ இரண்டு மூன்று இரவுப் பயணம் கிடைக்கும் பருவத்தில் ஒன்று போய்ப் பாருங்கள். அட்லாண்டிக் அலை எப்படி என்று அதில் தெரியாது. கப்பலில் படுத்தால் தூக்கம் வருமா, அறை அளவு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

ஆறு நாள் தண்ணியையே பார்த்துட்டு உட்கார்ந்தா போரடிக்காதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈரோடு

நிறையப் பேருக்குக் கடைசி நாளில்தான் "இன்னும் ரெண்டு நாள் இருந்தா தேவலை" என்று தோன்றும். தினமும் இரவு மறுநாள் நிகழ்ச்சி நிரல் அறைக்கு வந்துவிடும், சில கப்பல்களில் போன் செயலியில். சொற்பொழிவு, நடன வகுப்பு, வினாடி வினா, சீட்டாட்டம், நாடகம், இசைக் கச்சேரி, நாலு மணி டீ. குயின் மேரி 2-இல் கூடுதலாக இரண்டு: கடலில் மிதக்கும் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று, அப்புறம் ஒரு கோளரங்கம். கோளரங்கத்துக்கு இருக்கை வரம்பு உண்டு, முதல் நாளே பெயர் கொடுங்கள். நூலகத்தில் முன்பக்கம் பார்த்த நாற்காலிகள் காலை 9 மணிக்கே நிரம்பிவிடும்.

முதல் முறை போகிறவர்கள் செய்யும் தப்பு, நிரலில் உள்ள அத்தனைக்கும் ஓடுவது. இரண்டாம் நாள் மாலை களைத்துப்போய் மூன்றாம் நாளைத் தூங்கிக் கழிப்பார்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் ஒன்று, அவ்வளவு போதும். மிச்ச நேரத்துக்கு ஒரு தளம், ஒரு நாற்காலி, ஒரு போர்வை. ஏழாம் தளத்தில் கப்பலைச் சுற்றி முழு வட்டம் நடக்கலாம், ஒரு சுற்று சுமார் 600 மீட்டர். காலை 6 மணிக்கு வ.உ.சி. மைதானத்தில் நடக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது சொர்க்கம். கப்பல் 22 நாட் போகும்போது அந்த வேகமே மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்காற்றாக முகத்தில் அடிக்கும். ஜூலையிலும் தளத்தில் குளிரும். உள்ளே தெர்மல் பனியன், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா. கனமான ஒரு கோட்டைவிட இந்த மூன்றும் மேல்.

இரவுச் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒன்று. பெரிய உணவகத்தில் 6 மணி, 8.30 மணி என்று இரண்டு பந்தி. இருவர் மேசை வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்கிறவர்கள் பலர். எங்கள் கருத்து வேறு. ஆறு அல்லது எட்டுப் பேர் மேசை கேளுங்கள். தினமும் அதே முகங்கள், ஓடிப்போக ஊரும் இல்லை. மூன்றாம் நாளில் அவர்கள் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடுவார்கள். ஒத்துவராவிட்டால் இரண்டாம் நாளே தலைமைப் பரிமாறுபவரிடம் தனியாகச் சொன்னால் மாற்றித் தருவார். மூன்றாம் நாளுக்கு மேல் கேட்டால் இடம் இருக்காது.

நண்பகலில் கப்பல் இருக்கும் இடம், காற்று, கடலின் ஆழம், போக வேண்டிய தூரம் எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதைக் குறித்துவைத்து ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வாருங்கள். வழி நேர்கோடாக இல்லாமல் வடக்கே வளைந்து நியூஃபவுண்ட்லாந்து பக்கம் போவது தெரியும். உருண்டைப் பூமியில் அதுதான் குறுக்குவழி. அட்லாண்டிக்கின் சராசரி ஆழம் 3,600 மீட்டர் போல வரும். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே லாப்ரடார் குளிர் நீரோட்டமும் வளைகுடா வெந்நீரோட்டமும் சந்திக்கிற இடத்தில் கோடையில் மூடுபனி அடிக்கடி வரும். அப்போது விதிப்படி இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் ஒருமுறை சங்கு ஊத வேண்டும், இரவானாலும். பயந்துவிட வேண்டாம்.

கிழக்கிலிருந்து மேற்கா, மேற்கிலிருந்து கிழக்கா? எது நல்லது?
– வாசகர், பல்லடம்

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பெரும்பாலான மாதங்களில் 5 மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி பின்னே தள்ளுவார்கள். அந்த நாட்களுக்கு 25 மணி. நிதானமான தூக்கம், நியூயார்க்கில் இறங்கும்போது விமானக் களைப்பு என்பதே இருக்காது. கிழக்கே போனால் அதே ஐந்து மணி நேரத்தை இழப்பீர்கள், வயதானவர்களுக்கு மூன்றாம் நாளிலிருந்து அசதி தெரியும்.

ஆனால் அந்தக் கடலில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. மேற்கே போகும் கப்பலுக்கு அது எதிர்காற்று, தளத்தில் உட்காருவது கஷ்டம். கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து வருவதால், கப்பல் வேகத்தால் முகத்தில் அடிக்கும் எதிர்காற்று பெரிதும் கரைந்துபோகும், தளம் சாதுவாக இருக்கும். தூக்கம் முக்கியமென்றால் மேற்கு, தளத்து நாற்காலி முக்கியமென்றால் கிழக்கு. முதல் பயணத்துக்கு எங்கள் ஓட்டு மேற்குக்கு.

பால்கனி அறைக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் கேட்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகர், கரூர்

வெயில் வழியில் போகும் இடமாற்றப் பயணத்துக்கு எடுக்கலாம். வட அட்லாண்டிக்குக்கு எங்கள் சிபாரிசு ஜன்னல் அறை. அந்தக் காற்றில் பால்கனியில் உட்காருவது ஒரு நாளில் கால் மணி நேரம்தான். ஜன்னலே இல்லாத உள்ளறை மலிவு, தூக்கத்துக்கும் நல்லது, ஆனால் குமட்டல் வரும் உடம்புக்குத் தொடுவானம் இல்லாமல் போகும். மிச்சமாகும் பணத்தை இன்ஷூரன்ஸில் போடுங்கள். அறை எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது தள வரைபடத்தில் உங்கள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சமையலறைக்கோ நடன மண்டபத்துக்கோ மேலே கீழே வந்தால் தூக்கம் போச்சு. மேலும் கீழும் அறைகள் இருந்தால் நிம்மதி.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் போடும் தொகை இருவர் தங்கும்போது ஆளுக்கு இவ்வளவு என்பது. ஒருவராகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு ஆள் தொகை வரும். ஒற்றை ஆள் அறைகள் சில கப்பல்களில் உண்டு, எண்ணிக்கை மிகக் குறைவு.

நாங்கள் சுத்த சைவம். தயிர் கிடைக்குமா? பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துப்போகலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

தயிர் காலைப் பஃபேயில் கிடைக்கும். இனிப்பில்லாததைக் கேட்டு வாங்குங்கள். சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள், "முட்டையும் வேண்டாம், மீன் குழம்புச் சாறும் வேண்டாம்" என்று விரித்துச் சொன்னால்தான் அங்கே புரியும். சைவ சூப்பிலேயே கோழிச் சாறு ஊற்றும் சமையல் முறை அது. கப்பலில் ஏறியதும் தலைமைப் பரிமாறுபவரைப் பாருங்கள். மறுநாள் இரவு உணவுப் பட்டியலை முந்தின இரவே காட்டி, வேண்டியதைச் சொல்லச் சொல்வார். பெரிய கப்பல் சமையலறைகளில் இந்தியர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். ஒரு நாள் முன்னால் சொன்னால் பருப்பும் சோறும் காய்கறியும் வந்துவிடும். அரிசியும் பருப்பும் சாதம் நம் வீட்டுப் பக்குவத்தில் வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பொடியும் ஊறுகாயும் கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். வீட்டில் செய்ததைப் பல கப்பல்கள் ஏற்றாது. ஊறுகாயை விமானக் கைப்பையில் வைக்காதீர்கள். பிரிட்டனுக்குள் நம் நாட்டுப் பால் பொருள்கள் தடை, ஆகவே நெய் டப்பா, பால்கோவா கூடாது. அமெரிக்காவில் கறிவேப்பிலை, பழங்கள், அரிசி கூடாது. அரிசிக்குத் தடை அதில் ஒளிந்து வரும் கப்ரா வண்டு என்ற பூச்சியால். ஒரு கைப்பிடியானாலும் சுங்கத் தாளில் எழுதுங்கள். எழுதினால் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதமும் சேரும்.

மின்சார ரைஸ் குக்கர், தண்ணீர் காய வைக்கும் கம்பி, இஸ்திரிப் பெட்டி மூன்றும் ஏறும்போதே பிடுங்கி வைத்துவிடுவார்கள். நடுக்கடலில் கப்பலுக்கு அலையைவிட நெருப்புதான் பெரிய பயம். துணி தேய்க்கக் குயின் மேரி 2-இல் பொதுத் துவைப்பறை உண்டு, காசு கிடையாது.

காலையில் விளக்கேற்றிச் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். அறையில் செய்யலாமா?
– வாசகி, பெருந்துறை

கூடாதுங்க. மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கப்பலில் அனுமதி இல்லை. புகை உணர்வி உடனே கத்தும், ஆட்கள் ஓடி வருவார்கள். பேட்டரி விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டு சூட்டு இல்லாமல் சாப்பாட்டு மண்டபத்துக்குள் விடமாட்டார்களாமே?
– விவசாயி, தாராபுரம்

7 இரவுப் பயணத்தில் இரண்டு இரவு மட்டும் அப்படி. அன்றைக்கும் தேசிய உடை என்றால் மரியாதையாக ஏற்றுக்கொள்கிறார்கள். பட்டு வேட்டி சட்டை, அம்மணிக்குப் பட்டுச் சேலை போதும். வாடகைக் கோட்டுக்காரர்களைவிட உங்களைத்தான் படம் எடுப்பார்கள். வெல்க்ரோ ஒட்டு வைத்த வேட்டியாகக் கட்டுங்கள். திறந்த தளம் வழியாக நடக்காமல் உள்வழியாகவே மண்டபத்துக்குப் போங்கள், காரணம் காற்று. மற்ற இரவுகளில் காலர் சட்டையும் பேண்டும் போதும். அதுவும் வேண்டாம் என்றால் பஃபே இருக்கிறது.

கழிவறையில் தண்ணீர் வசதி?
– பெயர் வேண்டாம், மேட்டுப்பாளையம்

கைக்குழாய் இருக்காது. அமுக்கினால் நீர் பீய்ச்சும் பயணக் குப்பி ஆன்லைனில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கழிவறை வெற்றிட உறிஞ்சலில் வேலை செய்வது. மூடியை மூடிவிட்டு அமுக்குங்கள், சத்தம் பலமாக வரும். ஈரத் துடைப்புத் தாளை உள்ளே போட்டால் உங்களுக்கு மட்டுமல்ல, வரிசையில் உள்ள பல அறைகளுக்கும் அடைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் கப்பலிலேயே கடல்நீரிலிருந்து சுத்திகரித்தது, குடிக்கலாம். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டே கழுவுங்கள். கப்பலில் பரவும், வாந்திபேதி தரும் நோரோ வைரஸ் சானிடைசருக்குச் சரியாக அடங்காது.

அம்மாவுக்கு வயது 74. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. கூட்டிப்போகலாமா?
– வாசகி, நாமக்கல்

கட்டுப்பாட்டில் இருந்தால் போகலாம். ஆனால் நடுக்கடலில் ஹெலிகாப்டர் எட்டாத தூரம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கப்பலில் டாக்டர், நர்ஸ், அவசர சிகிச்சை உண்டு; இதய அறுவைச் சிகிச்சை கிடையாது. அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்கள், மூச்சுத் திணறல் அடிக்கடி வருகிறவர்கள் ஒத்திப்போடுவது நல்லது.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது மூன்று வரிகளைத் தேடுங்கள்: கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா, ஏற்கனவே உள்ள நோய்களுக்கு உண்டா, அவசர வெளியேற்றத்துக்கு எவ்வளவு. சர்க்கரையை மறைத்துக் குறைந்த பிரீமியத்தில் எடுத்தால் தேவைப்படும்போது ஒரு பைசா வராது. கப்பல் மருத்துவமனைக் கட்டணம் டாலரில், முதலில் நீங்கள் கட்டி, பிறகுதான் இன்ஷூரன்ஸில் கேட்க வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் அங்கேயே வாங்குங்கள்.

மாத்திரைகள் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரம் கூடுதலாக, பெட்டியில் போடாமல் கைப்பையில். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அறையில் குளிர்பெட்டி உறுதியா என்று முன்னதாகக் கேட்டு, ஊசிகளைப் போடத் தனி டப்பாவும் கேளுங்கள். 25 மணி நாட்களில் இன்சுலின் நேரத்தை எப்படி நகர்த்துவது என்று உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரக்குழந்தை பற்றியும் கேட்டிருந்தீர்கள். இது போன்ற நெடுங்கடல் பயணத்துக்கு 12 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். பயணம் முடிவதற்குள் 24 வாரத்தை எட்டிவிடும் கர்ப்பிணிகளை ஏற்றமாட்டார்கள்.

விசா எத்தனை வேண்டும்? அமெரிக்க விசா இருந்தால் லண்டனில் தேவையில்லை என்கிறார் ஏஜென்ட்.
– வாசகர், சென்னிமலை

அந்தச் சலுகை விமானத்தில் வந்து விமானத்திலேயே போகிறவர்களுக்கு. நீங்கள் கப்பலில் கிளம்புகிறீர்கள், ஆகவே பிரிட்டன் வருகையாளர் விசா, அமெரிக்கப் பி1/பி2 வருகையாளர் விசா இரண்டும் வேண்டும். முதலில் அமெரிக்க விசா. நேர்காணல் தேதி கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், அது கையில் வந்த பிறகே கப்பலுக்குத் திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டுங்கள். இடமாற்றப் பயணம் பார்சிலோனாவில் தொடங்கினால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. இடையில் அந்த நாடுகளை விட்டு வெளியே போய் மறுபடி நுழைகிற மாதிரி வழி இருந்தால் பலமுறை நுழைவு கேட்க வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்கட்டும்.

கப்பலுக்குள் கைச்செலவு எவ்வளவு ஆகும்?
– ஜவுளி வியாபாரி, பவானி

அறை, சாப்பாடு, நிகழ்ச்சிகள் கட்டணத்தில் அடக்கம். சேராதவை: மது, பாட்டில் பானங்கள், சிறப்பு உணவகம், இணையம், மருத்துவம், அப்புறம் டிப்ஸ். டிப்ஸ் ஆளுக்கு நாளுக்குச் சுமார் 15 முதல் 20 டாலர் என்று பல கப்பல்களில் தானாகவே கணக்கில் ஏறும், இதைப் பட்ஜெட்டில் சேர்க்காமல் கடைசி நாள் பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் அதிகம். உள்ளே ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையே கணக்கு அட்டை. அதற்குக் கிரெடிட் கார்டு கொடுங்கள். ஃபாரெக்ஸ் கார்டையோ டெபிட் கார்டையோ கொடுத்தால் முன்பிடித்தம் என்று ஒரு தொகையை முடக்கி, அது விடுபடப் பல நாள் ஆகும், நியூயார்க்கில் இறங்கிக் கையில் காசில்லாமல் நிற்பீர்கள்.

போன் விஷயத்தில் கவனம். கரையை விட்டதும் கப்பலின் சொந்தக் கடல் செல்போன் சேவையை உங்கள் போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதன் கட்டணம் சாதாரண ரோமிங் திட்டத்தில் சேராது. ஏறியதும் விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையை மட்டும் திறங்கள்.

டிராவல்ஸில் மொத்தத் தொகுப்பாக எடுத்தால் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வரி) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

டைட்டானிக் மூழ்கிய வழிதானே இது? வீட்டில் பயப்படுகிறார்கள்.
– வாசகர், உடுமலைப்பேட்டை

கிட்டத்தட்ட அதே வழிதான். 1912 ஏப்ரலில் அதில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள், படகுகளில் இடம் 1,178 பேருக்கு. அதன் விளைவாக வந்ததுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1914-இன் முதல் சோலாஸ் உடன்படிக்கை. இன்று உயிர்காப்புப் படகுகளும் மிதவைகளும் சேர்ந்து, இருக்கும் ஆட்களைவிட 25 சதவீதம் கூடுதல் இடம் வைத்திருக்க வேண்டும். பனிப்பாறைகளைக் கண்காணிக்கச் சர்வதேசப் பனிக் காவல் அமைப்பு 1914 முதல் இருக்கிறது. பாறைகள் தெற்கே வரும் மாதங்களில் கப்பல்கள் இன்னும் தெற்கே விலகிப் போகும்.

உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்றே. கிளம்பும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை உருப்படியாகக் கவனிப்பது. ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீண்ட சங்கு கேட்டால் ஒன்றுகூடும் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தின் எழுத்து உங்கள் அட்டையிலேயே இருக்கும். அறையிலிருந்து அங்கே படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள், ஆபத்தில் லிஃப்ட் ஓடாது.

எங்கள் ராஜபாளையம் நாயையும் கூட்டிப்போக முடியுமா?
– கல்லூரி மாணவர், சத்தியமங்கலம்

குயின் மேரி 2-இல் 24 கூண்டுகள் உண்டு. காலைத் தூக்க ஒரு பிரிட்டிஷ் விளக்குக் கம்பமும் ஒரு நியூயார்க் தீயணைப்புக் குழாயும்கூட வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை நெடுநாள் முன்பே நிரம்பிவிடும். இந்தியாவிலிருந்து பிரிட்டன் கொண்டுபோக வெறிநோய் ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு, மறுபடி அமெரிக்காவுக்கு வேறு காகிதங்கள். நாயைப் பாட்டி வீட்டில் விடுங்கள்.

கடைசி நாள் எப்படி இருக்கும்? மகன் எத்தனை மணிக்கு வர வேண்டும்?
– வாசகி, அவிநாசி

முந்தின மாலை நிற அட்டை ஒன்று தருவார்கள். அதைப் பெட்டிகளில் கட்டி இரவு 11 மணி வாக்கில் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும். மறுநாள் போடும் துணியையும் செருப்பையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டு, காலையில் இரவு உடையோடு இறங்குகிறவர் ஒவ்வொரு பயணத்திலும் ஒருவராவது இருப்பார். பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, ஒரு செட் துணி கைப்பையில் இருக்கட்டும்.

விடிகாலை 5 மணி வாக்கில் எழுந்து மேல்தளத்துக்குப் போங்கள். வெரசானோ பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையும்போது புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் இடையே சில மீட்டர்தான் இடைவெளி. இடித்துவிடும் என்றே தோன்றும். பாலம் தாண்டியதும் இடப்பக்கம் சுதந்திர தேவி சிலை, எதிரே மன்ஹாட்டன் விளக்குகள். வலப்பக்கம் புரூக்ளின், கப்பல் நிற்பது அங்கேதான்.

இறங்குவது நிற அட்டை வரிசைப்படி. அதன் பிறகு குடியேற்ற வரிசை, பெட்டி எடுப்பு, சுங்கம். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்க முடிந்தவர்கள் முதலில் வெளியேறலாம். மகனை 9 மணிக்கு முன் வரச் சொல்ல வேண்டாம். கையில் நியூஜெர்சி முகவரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதிகாரி கேட்பார்; கப்பல் வைஃபை அதற்குள் நின்றுபோயிருக்கும், போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது.